முதியோருக்கு மருந்து, சோதனையில் முதியோர் இல்லை!

புது தில்லி: எண்பது வயதைக் கடந்தவருக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுப்பது நன்மையா, தீமையா? இந்த எளிய கேள்விக்கு 2008-ம் ஆண்டு வரை மருத்துவ உலகிடம் உறுதியான விடை இல்லை. மருந்துச் சோதனைகளில் அந்த வயதினர் மிகக் குறைவாகவே சேர்க்கப்பட்டதுதான் காரணம். அழுத்தத்தைக் குறைத்தால் பக்கவாதம் குறையும் என்பது தெரிந்திருந்தது. ஆனால், அத்துடன் ஆயுளும் குறைந்துவிடுமோ என்ற ஐயம் நீடித்தது.

அந்த ஐயத்தைப் போக்கியது 'ஹைவெட்' என்ற பன்னாட்டு ஆய்வு. 13 நாடுகளில் 195 மையங்களில் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 3,845 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு இன்டபமைடு மாத்திரையும், தேவைப்பட்டால் உடன் பெரின்டோபிரிலும் கொடுக்கப்பட்டன. மற்றொரு பிரிவினருக்கு மருந்து இல்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. மருந்து உட்கொண்டோரிடையே இறப்பு 21 சதவீதமும், இதயச் செயலிழப்பு 64 சதவீதமும் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் 2007-லேயே சோதனை நிறுத்தப்பட்டு, மறு ஆண்டு முடிவு வெளியானது.

அந்த 3,845 பேரில் 2,144 பேர் கிழக்கு ஐரோப்பியர். 1,526 பேர் சீனர். ஆய்வு நடந்த 13 நாடுகளில் இந்தியா இல்லை.

இந்தியாவின் சோதனை

இந்தியர்களுக்கு எந்த மருந்துக் கூட்டு ஏற்றது என்பதை அறிய, தில்லியில் உள்ள நாள்பட்ட நோய்க் கட்டுப்பாட்டு மையமும், அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் (எய்ம்ஸ்), லண்டன் இம்பீரியல் கல்லூரியும் இணைந்து 'டாப்ஸ்பின்' என்ற ஆய்வை நடத்தின. அம்லோடிபின், பெரின்டோபிரில், இன்டபமைடு ஆகிய மூன்றில் இரண்டிரண்டை ஒரே மாத்திரையாக்கி, மூன்று வகைக் கூட்டுகள் ஒப்பிடப்பட்டன. நாடு முழுவதும் 32 மருத்துவமனைகளில் 1,981 பேர் பங்கேற்றனர்.

முடிவு 2024 நவம்பரில் வெளியானது. மூன்று கூட்டுகளும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. ஆறு மாதங்களில் சுமார் 70 சதவீதம் பேரின் ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழ் வந்தது. பக்க விளைவால் விலகியோர் மிகச் சிலரே. கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை கொண்டு செல்லத்தக்க எளிய சிகிச்சை இது என்பதில் ஐயமில்லை.

ஆனால், பங்கேற்றோரின் சராசரி வயது 52. எண்பதைக் கடந்தோர் இதில் சேர்க்கப்படவில்லை. இலங்கையில் 700 பேரிடம் நடத்தப்பட்டு, 2018-ல் வெளியான மும்மருந்து மாத்திரை ஆய்விலும் சராசரி வயது 56-தான்.

ஐம்பது வயது உடல் வேறு. எண்பது வயது உடல் வேறு. முதியவர் படுக்கையிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் திடீரெனச் சரியலாம். அவர் தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். இன்டபமைடு போன்ற சிறுநீர் பெருக்கி மருந்துகள் உடலின் உப்புச் சத்தைக் குறைக்கக் கூடும். கோடை வெயில் கடுமையாக உள்ள பகுதிகளில் இந்த ஆபத்து மேலும் கூடும். நீரிழிவு, மூட்டுவலி எனப் பிற நோய்களுக்கு உட்கொள்ளும் மாத்திரைகள் வேறு. இவற்றையெல்லாம் ஐம்பது வயதினரின் சராசரியைக் கொண்டு கணித்துவிட முடியாது.

சித்தூரும் திருப்பதியும்

இந்திய முதியோரிடமே மருந்தைச் சோதிப்பது என்றால், அது எங்கே, எப்படி நடக்கும்? ஆந்திரத்தின் தென் கோடியில் உள்ள சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2022 ஏப்ரல் 4-ம் தேதிதான் திருப்பதி தனி மாவட்டமானது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் உருவான ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகமும், மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த ரூயா அரசு மருத்துவமனையும் திருப்பதி நகரில் உள்ளன. சித்தூர் பகுதியினர் பலர் சிகிச்சைக்கு வேலூருக்கும் செல்கின்றனர்.

2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, சோதனை நடக்கும் இடத்தில் நெறிமுறைக் குழு இல்லையென்றால், அதே நகரிலோ 50 கி.மீ. சுற்றளவிலோ உள்ள வேறொரு குழு மேற்பார்வையிடலாம். திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையிலான தொலைவு இந்த வரம்பைத் தாண்டுகிறது. எனவே, சித்தூரில் சோதனை நடந்தால் திருப்பதிக் குழுவின் மேற்பார்வை போதாது. அருகிலேயே ஒரு குழு வேண்டும்.

அடுத்தது மொழி. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில்தான் ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது விதி. எழுதப் படிக்கத் தெரியாதவராயின், நடுநிலையான சாட்சி ஒருவர் முழு நேரமும் உடனிருக்க வேண்டும். 1960 ஏப்ரல் 1-ம் தேதி எல்லைகள் மாற்றி அமைக்கப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூர், நகரி, குப்பம் பகுதிகளில் தமிழ் பேசுவோர் பலர் ஆந்திரத்திலேயே தங்கினர். தமிழ் மட்டுமே புரியும் ஒரு முதியவரிடம் தெலுங்குப் படிவத்தில் கைரேகை பெற்றால், அது ஒப்புதல் ஆகாது.

பழைய காயம்

இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009-ல் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. பல ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தனர். சில சிறுமிகளின் மரணத்தை அடுத்து 2010-ல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. தடுப்பூசியால் மரணம் நேரவில்லை என விசாரணைக் குழு கூறியது. எனினும், ஒப்புதல் பெற்ற முறையை நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் கடுமையாகக் கண்டித்தது.

2005 முதல் 2012 வரை புதிய மருந்துகளின் சோதனைகளில் பங்கேற்ற 2,644 பேர் இறந்ததாகவும், அவற்றில் 80 மரணங்கள் சோதனையால் நேர்ந்தவை என்றும் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது. நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகே இழப்பீட்டு விதிகள் வலுப்பெற்றன.

வயதுக்கு ஒரு விலை

அந்த இழப்பீட்டுச் சூத்திரத்திலேயே முதியோருக்கு ஒரு குறை இருக்கிறது. சோதனையால் மரணம் நேர்ந்தால், அடிப்படைத் தொகையான ரூ. 8 லட்சத்தை வயதுக் காரணியாலும் நோயாளியின் அபாயக் காரணியாலும் பெருக்கி, 99.37-ஆல் வகுக்க வேண்டும். நாற்பது வயதினருக்கு வயதுக் காரணி 184.17, 65 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு 99.37. எனவே, அபாயம் குறைந்த நிலையில் உள்ள நாற்பது வயது நோயாளியின் குடும்பத்துக்குச் சுமார் ரூ. 44 லட்சம் கிடைக்கும். அதே நிலையில் உள்ள எழுபது வயது நோயாளியின் குடும்பத்துக்குக் கிடைப்பது ரூ. 24 லட்சம்.

உழைத்து ஈட்டும் ஆண்டுகளைக் கணக்கிட்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்காக வகுக்கப்பட்ட காரணி இது. பிறர் நலனுக்காகத் தம் உடலைச் சோதனைக்குத் தரும் முதியவருக்கு அதே அளவுகோல் பொருந்துமா என்பதை நாடாளுமன்றம்தான் ஆராய வேண்டும்.

முதியோரைச் சோதனையிலிருந்து விலக்கி வைப்பது பாதுகாப்பு ஆகாது. அவர்கள் உட்கொள்ளப் போகும் மருந்தின் நன்மை தீமை தெரியாமலே போவதுதான் அதன் விளைவு. உரிய பாதுகாப்புடன் அவர்களைச் சேர்ப்பதே வழி.

சோதனையில் சேர அழைக்கப்படும் முதியவரும் அவர் குடும்பத்தினரும் மூன்றைக் கேட்டுப் பெறலாம்: இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அந்த ஆய்வின் எண், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகல், நெறிமுறைக் குழுவின் தொடர்பு முகவரி. விரும்பும்போது விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிறுத்தப்படக் கூடாது. இவை மருத்துவமனை காட்டும் சலுகைகள் அல்ல, பங்கேற்பவரின் உரிமைகள்.