ஷட்ஜமம் எங்கே போனது?

மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் நாகஸ்வரத்தை மைக்கில் பிடித்து ஒரு ரிங் மாடுலேட்டருக்குள் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். மாடுலர் சிந்தசைசரில் அது ஒரு சின்னப் பகுதி. உள்ளே வரும் இரண்டு ஒலிகளைப் பெருக்குவதுதான் அதன் வேலை. பெருக்கியபின் அந்த இரண்டு ஒலிகளும் மறைந்து, அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் மட்டும் வெளியே வரும்.

நாகஸ்வரத்தின் ஷட்ஜமம் 300 ஹெர்ட்ஸ் என்றால், சிந்தசைசர் இரண்டாவது ஒலியாகக் கொடுக்கும் பஞ்சமம் 450. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பவை 150, 750. முன்னது மந்திர ஷட்ஜமம். பின்னது மேல் ஸ்தாயியின் அந்தர காந்தாரம்! சங்கராபரணத்துக்குப் பொருந்தும், கரகரப்பிரியாவில் இடிக்கும். பஞ்சமத்தை அசையாமல் நிறுத்திவிட்டு வித்வான் ஷட்ஜமத்திலிருந்து மத்திமத்துக்கு ஏறட்டும்: கூட்டல் சுரம் ஏறும், கழித்தல் சுரம் இறங்கும். ஆரோகணமும் அவரோகணமும் ஒரே மூச்சில். பஞ்சமத்துக்குப் பதில் சுருதியோடு ஒட்டாத அதிர்வெண்ணைக் கொடுத்தால் நாகஸ்வரத்தின் மேற்சுரங்களெல்லாம் சிதறி, வெண்கல மணியின் சாயல் வந்துவிடும். கடற்கரைக் கோயிலின் அலையோசையைக் கொடுத்தாலோ ஏமாற்றம்தான். இரைச்சல் போய் இன்னோர் இரைச்சல் வரும்.

மாடுலர் சிந்தசைசர் இந்தியாவுக்குப் புதிதல்ல. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மோக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய் உள்ளிட்டோர் அங்கே ஒலிப்பதிவு செய்த நாடாக்கள் 2023இல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

ரிங் மாடுலேட்டரின் கணக்கு ஒன்றே என்றாலும் கருவிக்குக் கருவி ஒலி மாறும். தொலைபேசித் துறையிலிருந்து வந்த பழைய வகையில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள், வளையமாகக் கோத்த நான்கு டையோடுகள். சிலிக்கான் டையோடு மின்சாரத்தை விடுவதற்கே ஏறக்குறைய 0.6 வோல்ட் வேண்டும், ஜெர்மானியத்துக்கு 0.3 போதும். இரண்டு ஒலிகளும் சேர்ந்தும் அதை எட்டாவிட்டால் உள்ளேயே அடங்கிவிடும் என்பதால், பஞ்சமமும் மெலிந்திருந்தால் கமகத்தின் தேயும் நுனி வெட்டுப்படும். கூடவே, கணக்கில் இல்லாத கரகரப்பும் சேரும். டோப்ஃபர் ஏ-114 போன்றவை பெருக்கல் சிப்பைக் கொண்டவை. சுத்தமான ஒலி, என் காதுக்குக் கொஞ்சம் அதிகமாகவே சுத்தம். ஆர்ப் ஒடிசி சிந்தசைசரில் இருப்பது டிஜிட்டல் தர்க்கச் சுற்று. சதுர அலைகளோடு மட்டும்தான் அதற்குப் பழக்கம். நாகஸ்வரத்தை அதனிடம் கொண்டுபோகவே வேண்டாம்.

பழைய வகையின் டையோடுகள் நான்கும் அச்சொட்டாக ஒன்றுபோல் அமைவதில்லை. அதனால் வித்வான் மூச்சு வாங்கும் நேரத்திலும் அந்தப் பஞ்சமம் லேசாகக் கசிந்து கேட்கும். பொறியாளர்கள் இதைக் குறை என்பார்கள். நாகஸ்வரக்காரரோ, ஒத்து ஊத இன்னொருவர் கிடைத்தார் என்று வாசித்துக்கொண்டு போவார்.