இரவிகுளத்துக்கு உடுமலை வழியாகப் போங்கள்

மூணாறு போகும்போது இரவிகுளம் தேசியப் பூங்காவையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள், பெரும்பாலும் மூணாறில் இரண்டு இரவுக்கு அறை போட்டுவிட்டு மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுவார்கள். போன பிறகுதான் அன்றைய டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று தெரியும். சில சமயம் பூங்காவே மூடியிருக்கும். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். இந்தப் பயணத்தை எந்த முனையிலிருந்து பிடிப்பது என்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் அளவு. இரவிகுளம் 97 சதுர கிலோமீட்டர். அதில் நமக்குத் திறந்திருப்பது ராஜமலை என்கிற ஓரம் மட்டும்தான். மூணாறு–உடுமலை சாலையில் அஞ்சாம் மைலில் இறங்கி, வனத்துறை பஸ்ஸில் ஏறி, மேலே தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் நடந்து திரும்ப வேண்டும். சொந்த வண்டியை மேலே விடமாட்டார்கள். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், கண்ணெதிரே நிற்கும். பார்த்துக்கொள்ளலாம், ஏற அனுமதி கிடையாது. வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் அரை நாள். மூன்று நாள் பயணமென்றால் மிச்சமிருக்கும் இரண்டரை நாளை என்ன செய்வது? அதற்குப் பதில் சொல்வதுதான் திட்டமிடல். என் பதில்: பூங்காவின் அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள்.

அடுத்தது தேதி. இங்கே நாள் குறிப்பது வரையாடுதான். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் விலங்கு அது. நம் மாநில விலங்கும்கூட. ஒரே இடத்தில் அது மிக அதிகமாக இருப்பது இரவிகுளத்தில். ஜனவரி, பிப்ரவரியில் பெட்டைகள் குட்டி போடும். அதனால் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். சில வருஷம் திறக்க ஏப்ரல்கூட ஆகும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பெருமழை. ராஜமலை ஏறினாலும் மூடுபனிதான் தெரியும், மலைச்சாலையில் மண் சரியும் அபாயமும் உண்டு. செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை தோது. பண்டிகை விடுமுறையையும் வாரக் கடைசியையும் தவிர்த்துவிடுங்கள். குறிஞ்சிக்காகப் போக நினைத்தால் இப்போதைக்குப் பொறுத்திருக்க வேண்டும்: 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அங்கே 2018இல் பூத்தது, அடுத்தது 2030.

இனி வழி. போடிமெட்டு வழியாகவும் போகலாம்; ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது உடுமலைப்பேட்டை வழி. அமராவதி அணைப் பக்கமாகக் காட்டுக்குள் நுழைந்து, சின்னாறு செக்போஸ்ட், மறையூர் தாண்டி மூணாறு. 90 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் அதற்குள் இரண்டு உலகம் இருக்கிறது. சின்னாறில் வருஷத்துக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். முள்மரம், கள்ளி, நட்சத்திர ஆமை, ஆற்றோர மரங்களில் நரை அணில் எல்லாம் அங்கே உண்டு. மேலே இரவிகுளத்தில் 3,000 மில்லிமீட்டருக்கும் மேலே கொட்டும். காரணம் எளிது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமுடி மலைத்தொடரில் மோதி ஏறும்போதே ஈரத்தை இறக்கிவிடுகிறது. முன்வரிசையில் நிற்பவர் தட்டிலேயே பாயசம் தீர்ந்துபோனால் பின்வரிசைக்கு என்ன மிஞ்சும், அந்தக் கதைதான் சின்னாறுக்கு. கீழிருந்து ஏறினால் வெக்கையிலிருந்து குளிருக்கு, முள்ளிலிருந்து சோலைக்கும் புல்வெளிக்கும் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒன்று மட்டும், இருட்டுவதற்குள் காட்டைக் கடந்துவிடுங்கள். யானை நடமாடும் சாலை அது. மேலே மூணாறு பக்கம் படையப்பா என்று ஊர்க்காரர்களே பெயர் வைத்த கொம்பன் பஸ்ஸையும் நிறுத்தியிருக்கிறது.

முதல் இரவை மறையூரிலோ காந்தளூரிலோ வைத்துக்கொள்ளுங்கள். மறையூரில் சாலையோரம் வேலி போட்டிருப்பது சந்தனக் காட்டுக்கு; அங்கே மரங்களுக்கு எண் போட்டுக் காவல் காக்கிறார்கள். பாறைத் திட்டுகளில் பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் முனியறை என்பார்கள். ஆனால் நின்று பார்க்கவேண்டியது வெல்லம் காய்ச்சும் கொட்டகை. பெரிய கொப்பரையில் கரும்புச்சாறு கொதிக்கும். அடுப்பில் எரிவது அதே கரும்பின் காய்ந்த சக்கை. அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வர வர வழித்து எடுத்துக்கொண்டே இருப்பார்கள். பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடன் உருண்டை பிடிப்பார்கள். அச்சு கிடையாது, அதனால் உருண்டையில் விரல் தடம் தெரியும். 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மறையூர்ப் பெயரில் வேறு ஊர் வெல்லமும் விற்பதால், காய்ச்சுகிற இடத்திலேயே வாங்குவது உத்தமம். பேச்சுக்கும் கஷ்டமில்லை; அஞ்சுநாடு என்று சொல்லும் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தமிழ்தான் வீட்டுமொழி.

மறுநாள் சின்னாறு சரணாலயத்தில் ஒரு நடை. தனியாகப் போக முடியாது. முதுவர், மலைப்புலையர் குடிகளைச் சேர்ந்தவர்கள் வழிகாட்டியாக வருவார்கள். இதை வெறும் விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவிகுளம் தேயிலைத் தோட்டமாகாமல் தப்பியதற்குக் காரணம், வெள்ளைக்காரத் தோட்டத்துரைகள் அதைத் தங்கள் வேட்டைக்காடாக வைத்துக்கொண்டதுதான். அந்தக் காட்டைக் காவல் காத்தவர்கள் முதுவர்கள். 1971இல் கேரள அரசு சட்டம் போட்டு நிலத்தை எடுத்தது, 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. காவல்வேலையில் இன்றும் முதுவர்கள் இருக்கிறார்கள். கோடையில் புல்வெளி பற்றிக்கொள்ளாமல் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள்.

அன்றிரவு மூணாறில் தங்கி, மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் ராஜமலை. வரையாடுகள் சாலையோரமாகவே, கைக்கெட்டும் தூரத்தில் மேயும். வயதான கிடாவை முதுகில் உள்ள வெளிறிய பட்டையை வைத்து அடையாளம் காணலாம். தொடுவதும் தீனி நீட்டுவதும் குற்றம்.

அங்கிருந்து இறங்கினால் தேயிலை. கொழுந்து பறிக்கும் பெண்களின் முன்னோர் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து கங்காணிகளோடு ஏறியவர்கள். 2015இல் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, போனஸுக்காக மூணாறையே முடக்கியவர்கள் இந்தப் பெண்கள்தான். பொம்பிளை ஒருமை என்று பெயர். ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நிலச்சரிவு தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை மூடியதில் 70 பேர் போனார்கள். லயத்து வாசலில் நின்று படம் எடுக்குமுன் கேட்டுவிட்டு எடுங்கள். அது அவர்கள் வீடு. அதேபோல், கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடிக்குப் பெட்டிமுடி வழியாகத்தான் பாதை. வெளியாட்களுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. முதுவர் குடிகள் அவை. பார்க்கவேண்டிய இடப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

ஆக, வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். மூடும் மாதம் இல்லாத ஒரு வாரநாளைக் குறியுங்கள். அந்த நாளுக்கு ராஜமலை டிக்கெட்டை ஆன்லைனில் எடுங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி சின்னாறு நடைக்குப் பதிவு செய்யுங்கள். மூணாறு அறையைக் கடைசியாகப் போடுங்கள். ஒரு இரவு போதும்.