நினைவுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

ஒருவரையோ ஒரு நிகழ்வையோ செடி, நிழல், மணம் இவற்றால் நினைக்க வைக்கும் இடம் நினைவுத் தோட்டம். இறந்தவர்களுக்கு மட்டுமே அது உரியதன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் நந்தவனம் ஒரு பிறப்பை நினைக்க வைக்கிறது. ஆடிப்பூரத்தன்று துளசிச் செடியின் அடியில் பெரியாழ்வார் குழந்தை ஆண்டாளைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் இடம் அது. வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி போன்ற பக்கத்து ஊர்களிலிருந்து தேர் பார்க்க வருகிறவர்களின் கண் பதினோரு நிலைக் கோபுரத்தின் மேலேயே நிற்கும்; கதை தொடங்குவதென்னவோ இந்த மண்ணில்தான்.

இந்த நந்தவன மரபின் உயிர் அன்றாடக் கைவேலை. பெரியாழ்வாரின் தொண்டே செடி வளர்த்துப் பூத்தொடுப்பது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் புரட்டாசியில் திருப்பதிக்கும் சித்திரையில் அழகருக்கும் போகிறது. ஆண்டாள் சிலையின் கையிலுள்ள கிளி மரவள்ளி இலையாலும் மாதுளம்பூவாலும் தினமும் புதிதாகக் கட்டப்படுகிறது. வாடுவதால்தான் மறுநாளும் ஒருவர் நினைக்க வேண்டியிருக்கிறது.

சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த போர்க் கல்லறைத் தோட்டம் வேறு வகை. இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களுக்குப் பதவி பாராமல் ஒரே அளவுக் கல். கற்களுக்கு இடையே பூச்செடி. பராமரிப்புக்கென்றே நிலையான ஆளும் பணமும் இருப்பதால் அது தோட்டமாகவே நீடிக்கிறது.

நினைவுத் தோட்டத்தின் செடித் தேர்வில் பூக்கும் நேரம் முக்கியம். மல்லிகை மாலையில் அவிழும். பவழமல்லி இரவில் பூத்து விடியலில் தரையெல்லாம் உதிரும். மகிழம்பூ காய்ந்த பிறகும் மணக்கும். நினைவுக்கு இதைவிடப் பொருத்தமான பூ அரிது. நடைவழி வளைந்து போனால் நடை தானாகவே மெதுவாகும். உட்காரும் திண்ணை மரநிழலில் இருக்க வேண்டும்.

இத்தனையையும் கெடுப்பது கல் பாவும் ஆசை. திறப்பு விழாவுக்குப் பளபளக்கும் கிரானைட் தரை உச்சிவெயிலில் வெறுங்காலைச் சுடும். வேருக்கு மழைநீர் இறங்காது. உதிர்ந்த பூ அங்கே குப்பையாகிப் பெருக்கித் தள்ளப்படும். மழைக்காலத்தில் சேறாகுமே என்பார்கள். நடைவழிக்கு மட்டும் கல் போதும். புல்தரையும் பார்க்க அழகுதான். ஆனால் அது குடிக்கும் தண்ணீர் கோடைக்குக் கட்டாது.

ஊரில் நினைவுத் தோட்டம் போட நினைப்பவர்கள் கல்வெட்டுக்குக் கொத்தனாரைத் தேடுமுன் கிணற்றையும் தோட்டக்காரரின் மாதச் சம்பளத்தையும் உறுதி செய்துகொள்ளட்டும்.