கிரீன் கார்டுக்குக் காத்திருப்போர் தாயகம் வரலாமா? 'அட்வான்ஸ் பரோல்' விதி என்ன?

பெங்களூரு: பரோல் என்றதும் சிறை விடுப்பே நினைவுக்கு வரும். ஆனால், அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துள்ள பெங்களூருவாசிகளுக்கு, 'அட்வான்ஸ் பரோல்' என்பது வெளிநாடு சென்று திரும்புவதற்கான முன் அனுமதி ஆவணமாகும்.

இதற்கு ஐ-131 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரின் உடல்நலக் குறைவு போன்ற அவசரங்களில் விரைந்து பரிசீலிக்கக் கோரலாம். ஆவணம் பெறாமல் புறப்பட்டால், நிலுவையில் உள்ள கிரீன் கார்டு விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே பொதுவாகக் கருதப்படும். செல்லத்தக்க எச்-1பி, எல்-1 விசா உள்ளிட்ட சில பிரிவினருக்கு விலக்கு உண்டு.

ஆவணம் இருந்தால், திரும்பிச் செல்லப் புதிய விசா தேவையில்லை. எனினும், அது நுழைவுக்கு உத்தரவாதம் அல்ல. அமெரிக்க விமான நிலையத்தில் எல்லைப் பாதுகாப்பு அதிகாரியே இறுதி முடிவு எடுப்பார். ஆவணம் காலாவதியாகும் முன் திரும்புவதும் கட்டாயம்.