கோடை விடுமுறையில் சிறுவர் பகல் முகாம்

சித்திரை மாதத்தில் நாட்டுப்புறப் பள்ளிகள் மூடப்பட்டால் மீண்டும் திறக்க ஏறக்குறைய ஆறு வாரங்கள் ஆகின்றன. நகரத்துப் பெற்றோர் இந்நாட்களில் தம் பிள்ளைகளை நீச்சல், ஓவியம், சதுரங்கம் என்று ஏதேனும் ஒரு பயிற்சியில் கட்டணம் செலுத்திச் சேர்த்துவிடுகின்றனர். கிராமங்களில் அத்தகைய ஏற்பாடு அரிது. "ஊரைச் சுற்றி வெட்டவெளி கிடக்கிறதே, கிராமத்துப் பிள்ளைக்கு முகாம் எதற்கு?" என்று கேட்பாரும் உளர். வெட்டவெளி உண்டு என்பது உண்மையே. ஆனால் தாயும் தந்தையும் காலையிலேயே வேலைக்குச் சென்றுவிட, அந்த வெளியில் விளையாடும் குழந்தையின்மீது கண் வைத்திருப்பார் யார் என்பதே கேள்வி.

கோடையில் நாள்தோறும் செய்தித்தாளைப் புரட்டுவோர் இக்கேள்வியின் கடுமையை உணர்வர். ஏரியில் குளிக்கச் சென்ற சிறுவர் இருவர், கல்குவாரிக் குட்டையில் இறங்கிய மூவர் என்று வரும் செய்திகள் ஆண்டுதோறும் மாறுவதில்லை. 1 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் மரணத்திற்குரிய முதன்மைக் காரணங்களுள் நீரில் மூழ்குதலும் ஒன்று என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஏரி வற்றிவிட்டது என்று நாம் எண்ணியிருப்போம். வண்டல் எடுத்த குழியில் மட்டும் ஆளுயரத்திற்கு நீர் நிற்கும். கோடை மழை ஒன்று பெய்தால் எது தரை, எது குழி என்பது கண்ணுக்குத் தெரியாது.

வங்காளதேசத்தில் இதற்கு ஒரு வழி கண்டனர். தாய்மார் வீட்டு வேலையில் ஆழ்ந்திருக்கும் காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஊரிலேயே ஒரு வீட்டில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் 'ஆஞ்சல்' என்னும் நிலையங்களை அமைத்தனர். மூழ்கி இறக்கும் குழந்தைகளின் தொகை அதனால் பெரிதும் குறைந்தது. அங்கே பெரிய கருவியோ மருந்தோ பயன்படவில்லை. குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், பொறுப்பான ஒருவர் குழந்தைகளுடன் இருந்தார். அவ்வளவே. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அதே காவலைத் தருவதோடு, மனத்திற்கும் உணவளிக்கக் கூடியது பகல் முகாம்.

பகல் முகாம் என்பது இரவுத் தங்கல் இல்லாத முகாம். குழந்தை காலையில் வந்து, உரிய நேரத்தில் வீடு திரும்பும். கூடாரமும் படுக்கையும் இரவுக் காவலும் வேண்டா. சிறுவரை வெளியிடத்தில் தங்கவைக்கும் வழக்கத்தின் தொடக்கமாக, 1861இல் அமெரிக்காவில் ஃபிரெடெரிக் கன் என்ற ஆசிரியர் தம் மாணவர்களைக் கடற்கரைக்கு நடத்திச் சென்றதைக் கூறுவர். 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் கிளைத்தது. நம் நோக்கத்திற்கு இவற்றினும் நெருங்கியது, ஜெர்மனியில் பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில் 1904இல் தொடங்கப்பெற்ற வனப்பள்ளியாகும். உடல் நலிந்த குழந்தைகள் காலையில் பைன் மரக்காட்டிற்கு வந்து, அங்கேயே உண்டு, கற்று, ஓய்வெடுத்து, மாலையில் வீடு திரும்பினர். நம் நாட்டில் தாகூர் 1901இல் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கியபோது மரநிழலையே வகுப்பறையாகக் கொண்டார்.

ஆனால் குளிர் நாட்டவரின் கால அட்டவணையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. அவர்கள் வெயிலை நாடி வெளியே வந்தவர்கள். நாமோ வெயிலுக்கு ஒதுங்கி வெளியே வரவேண்டியவர்கள். மே மாதம் 4ஆம் நாளையொட்டித் தொடங்கி 28ஆம் நாள் வரை நீடிக்கும் அக்கினி நட்சத்திர நாட்களில் காலை ஆறரை மணிக்கு முகாமைத் தொடங்கிப் பத்தரை மணிக்குள் முடித்துவிடுதல் நலம். ஓடியாடும் விளையாட்டெல்லாம் எட்டரை மணிக்குள் முடியவேண்டும். பின்னர் நிழலில் அமர்ந்து செய்யும் வேலைகளே தக்கவை. குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட விரைவில் சூடேறும். வியர்த்துக் குளிரும் ஆற்றலும் அதற்குக் குறைவு. விளையாட்டு மும்முரத்தில் தாகத்தையும் மறந்துவிடும். ஆகவே கேட்கும்வரை காத்திராமல், அரைமணிக்கு ஒருமுறை அனைவரையும் நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் செய்தல் வேண்டும். மணல் பரப்பி அதன்மேல் வைத்த மண்பானையும், ஒரு குடம் நீர்மோரும் போதும். பானகம் கிடைத்தால் பிள்ளைகளுக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

ஒரு குழந்தைக்குத் தலைவலியோ வாந்தியோ தோன்றினால் உடனே நிழலில் கிடத்தி உடையைத் தளர்த்தவேண்டும். பேச்சுக் குழறினாலும், நடை தள்ளாடினாலும், உடம்பு அனலாய்க் கொதித்தாலும் அது வெப்பத் தாக்கு. வியர்வை இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. உடல் முழுவதும் நீரூற்றி விசிறிக்கொண்டே, 108க்கு அழைக்கவேண்டும். நினைவிழந்த குழந்தையின் வாயில் நீர் புகட்டலாகாது.

இடத்தைத் தேர்வதில் சற்று நின்று யோசிக்கவேண்டும். நிழல் எங்கே அடர்த்தியோ அங்கே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஊரில் சில நிழல்கள் சிலருக்கே உரியவையாக இன்றும் இருக்கின்றன. கோயில் தோப்பிலோ ஒரு தெருவாரின் சாவடியிலோ முகாம் கூடினால், ஊருக்கு வெளியே ஒதுங்கிய குடியிருப்பிலிருந்து வரும் குழந்தை வாசலிலேயே தயங்கி நின்றுவிடும். பள்ளி வளாகத்து வேம்பு, ஊராட்சி அலுவலகத்துப் புங்கமரம், எல்லாரும் நடமாடும் ஏரிக்கரை ஆலமரம் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்வதே முறை. குழுக்களைப் பிரிக்கும்போது தெருவாரியாகப் பிரிக்காமல் கலந்து பிரிக்கவேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை, ஆயினும் சொல்லிவைக்கிறோம்.

உணவைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவு, 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இவை பள்ளி நாட்களை ஒட்டியவை. விடுமுறை வந்தால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வேளை உணவே குறைந்துவிடுவதுண்டு. முகாமில் கேழ்வரகுக் கூழோ, ஒரு கிண்ணம் சுண்டலோ, வேர்க்கடலையும் வெல்லமுமோ தவறாமல் கிடைக்கும்படி செய்தால், வருகைப் பதிவேட்டைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிராது. மகளிர் சுயஉதவிக் குழுவினர் முறைவைத்துச் சமைக்கலாம்.

இனி, முகாமில் என்ன செய்வது? நகரப் பயிற்சிகளைப் பார்த்துப் போலச் செய்யவேண்டியதில்லை. ஊரின் ஏரியே ஒரு பெரும் பாடநூலாகும். தமிழ்நாட்டில் 39,000க்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. தென்மாவட்டங்களில் இவற்றைக் கண்மாய் என்பர். நீர் குறைந்த கோடையே ஏரியின் உறுப்புகளைக் காண ஏற்ற பருவம். வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, இடையில் யார் யார் அதை அடைத்திருக்கின்றனர், மதகுகள் எத்தனை, கலங்கல் எந்த மட்டத்தில் நிற்கிறது, கரையின் உட்புறத்தில் பதித்த அலைகற்கள் எங்கெங்கே சரிந்துள்ளன என்று பிள்ளைகள் பெரியவர் துணையோடு கரைமேல் நடந்து கண்டு குறிக்கலாம். ஒவ்வொருவரும் தம் காலடியின் நீளத்தை முதலில் அளந்துகொண்டு, கரையைக் காலடியால் எண்ணினால் அதன் நீளம் கிடைத்துவிடும். பத்துப் பேரின் விடை பத்துவிதமாக வரும். ஏன் என்று கேட்டு, சராசரி காணச் செய்தால் கணக்குப் பாடம் கசக்காது. மடை திறந்து நீர் பாய்ச்சிய முதியவர் எவரேனும் ஊரில் இருந்தால், அவரை அழைத்து அமரவைக்கவேண்டும். நூலகத்தில் கிடைக்காத செய்திகள் அவரிடம் இருக்கும்.

பனை மற்றொரு பாடம். நுங்கு வெட்டும் பருவமும் விடுமுறையும் ஒன்றாக வருவது நல்வாய்ப்பு. ஆண்பனை எது, காய்க்கும் பெண்பனை எது என்று பனையேறி ஒருவர் காட்டிவிட்டால், குழந்தைகள் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வருவர். பெரும்பாலும் ஒரு காயில் மூன்று கண்கள் இருப்பதை அவர்களே கண்டு சொல்வர். கூவும் கரிய குயில் ஆண் என்பதும், புள்ளி போட்ட பெண்குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும் என்பதும் மரத்தடியில் அமைதியாகக் காத்திருந்தால் தெரியவரும் உண்மைகள்.

வீட்டிற்குக் கொடுத்தனுப்பும் வேலை ஒன்றும் உண்டு. வாசலில் ஒரு குச்சியை நேராக நட்டு, நண்பகலில் திண்ணையிலிருந்தபடியே அதன் நிழலைப் பார்த்துவரச் சொல்லவேண்டும். ஏப்ரலின் இரண்டாம் வாரத்தில் குமரி முனையிலும், அம்மாத இறுதியை ஒட்டிச் சென்னையிலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலடியில் மறைகிறது. அதன்பின் சூரியன் நமக்கு வடக்கே சென்றுவிடுவதால், மே மாதம் முழுவதும் தமிழ்நாட்டில் எங்கும் நண்பகல் நிழல் தெற்கு நோக்கியே விழும். இதைக் கேட்டு நம்பாத பெரியவர்களும் உண்டு. பிள்ளைகள் காட்டினால் நம்புவர்.

சடுகுடு, நொண்டி, பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பாட்டிமாரை ஒருநாள் வரவழைத்தால் போதும். கிட்டிப்புள்ளை மட்டும் கண்ணுக்கு ஆபத்து என்பதால் தவிர்க்கலாம்.

முப்பது பிள்ளைகளுக்கு மூன்று பெரியவர்களாவது வேண்டும். அவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் கட்டாயம். எட்டு முதல் பதின்மூன்று வயதினர் முகாமிற்கு ஏற்றவர்கள். எந்தக் குழந்தையும் ஒரு பெரியவருடன் தனித்திருக்கும் நிலை நேரக்கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 என்பதைப் பிள்ளைகளே மனப்பாடமாகச் சொல்லவேண்டும். கரைக்குச் செல்லுமுன்னும் திரும்பியபின்னும் தலை எண்ணுதல் முதல் விதி. முகாம் நேரத்தில் எவரும் நீரில் இறங்குவதில்லை என்பது இரண்டாம் விதி. நீச்சல் கற்பித்தல் மிக நல்லது. ஆனால் அது நன்கு நீந்தத் தெரிந்தவர் தனியே, சிலருக்கே கற்பிக்கவேண்டிய கலை.

ஒருவர் மூழ்கக் கண்டால் தாமும் குதிக்காமல், கூச்சலிட்டு ஆள் திரட்டி, கயிற்றையோ சேலையையோ மூடியிட்ட வெற்றுக் கேனையோ வீசும் பழக்கத்தைக் குழந்தைகளுக்குத் தரையிலேயே கற்பிக்கலாம். கரை சேர்த்தவரைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் தவறான வழக்கங்கள். மூச்சு நின்றிருந்தால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சூட்டி, மார்பையும் அழுத்திவிடவேண்டும். இதை முறையாகக் காட்ட, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தோ தீயணைப்பு நிலையத்திலிருந்தோ ஒருவரை முகாமின் தொடக்க நாட்களிலேயே வரவழைத்தல் நன்று.

இவ்வளவுக்கும் பணம் எங்கே என்று ஊராட்சித் தலைவர்கள் கேட்கலாம். பெருஞ்செலவு சிற்றுண்டி ஒன்றே. மே நாள் கிராம சபை வரை காத்திருந்தால் விடுமுறை பாதி கழிந்துவிடும். மார்ச்சு மாதக் கூட்டத்திலேயே இடத்தையும் பொறுப்பாளர்களையும் முடிவு செய்துவிடவேண்டும். விடுமுறைக்கு ஊர் திரும்பும் கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊர்ப்புற நூலகர் ஆகியோர் இப்பணிக்கு உகந்தவர்கள்.

முகாமின் கடைசி நாளில் பிள்ளைகள் வரைந்த ஏரிப்படத்தைப் பெற்றோர் முன்னிலையில் ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டிவைக்கலாம். எந்த மதகு ஒழுகுகிறது, எந்த வரத்துக்கால் தூர்ந்தது என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை. படத்தின் நகல் ஒன்றை ஜூன் மாதத்திலேயே ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் பழுது பார்க்க நான்கு மாதங்கள் கையில் இருக்கும்.