வெளிச்சத்துக்காகத் தேடியது டிரான்சிஸ்டருக்கும் உதவியது

மின்சாரத்தை வேண்டிய அளவுக்கு மாற்றித் தரும் கருவிகளில் சிலிக்கான் டிரான்சிஸ்டரின் இடத்தைக் காலியம் நைட்ரைடு மெல்லப் பிடித்து வருகிறது. கைபேசி, மடிக்கணினி சார்ஜர்கள் சிறுத்துப்போனதற்கு இதுவே முக்கியக் காரணம்.

படிகத்தில் கட்டுண்ட எலக்ட்ரானை விடுவிக்கத் தேவைப்படும் ஆற்றல், சிலிக்கானில் சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட். காலியம் நைட்ரைடில் 3.4. இந்த ஆற்றல் இடைவெளி அகன்றிருப்பதால் அது ஏறத்தாழ பத்து மடங்கு வலுவான மின்புலத்தைத் தாங்கும். ஆகவே அதே மின்னழுத்தத்துக்கு எலக்ட்ரான் கடக்கும் பாதையைக் குறுக்கலாம். பாதை குறுகினால் மின்தடையும் வெப்ப இழப்பும் குறையும்.

இன்னொரு சாதகம் இதைவிடச் சுவையானது. வழக்கமான டிரான்சிஸ்டரில் எலக்ட்ரான்களைத் தருவதற்கென்றே வேற்று அணுக்களைக் கலப்பார்கள். பிறகு அந்த அணுக்களே எலக்ட்ரான்களை இடறிவிடும். காலியம் நைட்ரைடின் மேல் அலுமினியம் கலந்த மெல்லிய அடுக்கை வளர்த்தால், கலப்படம் ஏதுமின்றியே இரண்டும் சேரும் எல்லையில் எலக்ட்ரான்கள் ஏடாகத் திரண்டு விரைவாக ஓடுகின்றன. ஆய்வாளர் ஆசிஃப் கானின் குழு 1993-இல் இவ்வகை டிரான்சிஸ்டரைச் செய்து காட்டியது. அது நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடக்கூடியது. அவ்வளவு வேகத்தில் மின்மாற்றிக்கும் மின்தேக்கிக்கும் சிறிய உருவமே போதும். சார்ஜரில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை அவைதான்.

சிக்கல், படிகத்தை வளர்ப்பதில் இருந்தது. மலிவான சிலிக்கான் தகட்டின் மேல் வளர்த்தால் அணு இடைவெளிகள் சுமார் 17 விழுக்காடு பொருந்துவதில்லை. குளிரும்போது அடுக்கு வெடிக்கிறது. இடையே அலுமினியம் நைட்ரைடு அடுக்கைப் பரப்புவது இதற்கான வழிகளில் ஒன்று. இதை நீலக்கல் தகட்டில் 1986-இல் வெற்றிகரமாகக் கையாண்டவர்கள் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும். அவர்கள் தேடியது நீல ஒளி. இன்னொரு சிக்கலும் இருந்தது: எல்லையில் எலக்ட்ரான்கள் எப்போதும் திரண்டிருப்பதால் இந்த டிரான்சிஸ்டர் தானாகவே மின்சாரத்தைக் கடத்தும். அதைப் பாதுகாப்பாக அணைத்துவைக்க, மின்னோட்டத்தைத் திறந்து மூடும் வாயில் முனையில் மக்னீசியம் கலந்த அடுக்கு வைக்கிறார்கள். அந்தக் கலப்பையும் 1989-இல் சாத்தியமாக்கியது அதே குழு. நீல எல்இடிக்காக இருவரும் சுஜி நகமுராவுடன் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட பயன்பாடுகளில் சிலிக்கான் கார்பைடின் கையே ஓங்கியிருக்கிறது. கணினிச் செயலிகளிலோ சிலிக்கானை அசைக்க முடியவில்லை. அங்கே எலக்ட்ரானால் இயங்கும் டிரான்சிஸ்டரும் துளைகளால், அதாவது எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களால், இயங்கும் டிரான்சிஸ்டரும் இணையாக வேண்டும். காலியம் நைட்ரைடில் துளைகள் மிக மந்தமாகவே நகர்கின்றன.

மூலப்பொருளைப் பெறுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. காலியம் பெரும்பாலும் பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும்போது கிடைக்கும் உபபொருள். அதன் உற்பத்தியில் மிகப்பெரும் பங்கு சீனாவுடையது. 2023 ஆகஸ்டு முதல் அதன் ஏற்றுமதிக்கு அந்நாட்டு அரசின் உரிமம் கட்டாயமாகிவிட்டது.