ஊதினால் பேச்சு வராது!

நம்ம கூமாப்பட்டி பக்கம் குழந்தை பேசலைன்னா வசம்பு தேய், பலூன் ஊதவைன்னு ஆளுக்கொரு யோசனை சொல்வாங்க. ஆனா பேச்சு அப்ராக்சியாவில் பலவீனம் நாக்கில் இல்லை. ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, டிரைவர் சாஃப்ட்வேரில்தான் சிக்கல்: வாய் அசைவுகளை வரிசைப்படுத்த மூளை தடுமாறுகிறது. அதனால் சொற்களைச் சொல்லிச் சொல்லித்தான் பழகணும்.

பேச்சு மிகக் குறைவான சின்னக் குழந்தைக்கு டிடிடிசி முறை பொருந்தும். தெரபிஸ்ட் முகத்தைப் பார்த்து, அவரோடு சேர்ந்தே மெதுவாகச் சொல்லும். உதவி படிப்படியாகக் குறையும். ஓரளவு பேசும் 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு சிட்னி பல்கலைக்கழகத்தின் ரெஸ்ட் முறை: அர்த்தமில்லாத புதுச் சொற்களால் பயிற்சி.

எந்த முறையானாலும் அடிக்கடி பயிற்சி முக்கியம். வாரம் ஒருமுறை மதுரைக்குப் பஸ் ஏறினால் மட்டும் போதாது. தெரபிஸ்ட் தரும் சொற்களை வீட்டிலும் தினமும் சொல்லவைக்கணும். சேர்க்கும் முன்னாடி இதைக் கேளுங்க: “ஒரு செஷன்ல எம்பிள்ளையை எத்தனை தடவை பேச வைப்பீங்க?”